பொன்னின் மேல் பூசிய இரவு

ஜப்பானின் கனசவா நகரத்தில் மழை ஓய்ந்தது என்று நம்பிக் கிளம்ப முடியாது. தூறல், சிறிது இடைவெளி, மறுபடி தூறல். சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது அந்த ஊர்க்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் பேச்சு. தோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரப் பயணம். 2015இல்தான் அந்த ரயில் பாதை இங்கே வந்து சேர்ந்தது. கோட்டை, பூங்கா, கடல் மீன் சந்தை என்று பார்ப்பதற்கு நிறைய உண்டு. நான் போனது தங்க ரேக்குக்காக. ஜப்பானில் தயாராகும் தங்க ரேக்கில் 98 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரே ஊரில் அடிக்கப்படுகிறது. நகரத்து இரவுகளை எண்ணெய் வண்ணத்திலும் ரேக்கிலும் வரைகிறவனுக்கு அது சொந்த ஊர் மாதிரி.

ரேக்கு அடிக்கும் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் கவனத்தை இழுப்பது பொன் அல்ல, காகிதம். துளி வெள்ளியும் செம்பும் சேர்ந்த தங்கத்தைத் தகடாக்கி, நறுக்கி, காகிதங்களுக்கு இடையில் அடுக்கி அடிக்கிறார்கள். அந்தக் காகிதத்தை வைக்கோல் சாம்பல் நீரிலும் சீமைப் பனிச்சைப் பழச் சாற்றிலும் முட்டையிலும் ஊறவைத்து, உலர்த்தி, வெறுமனே அடித்து அடித்துப் பதப்படுத்த மாதக்கணக்காகும். காகிதம் சரியில்லை என்றால் பொன் விரியாது. விரிந்து முடிந்தால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பத்து யென் நாணயம் அளவுத் தங்கம் ஒரு தத்தாமிப் பாய் அளவுக்குப் பரவுகிறது. இந்தக் கைமுறையை 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மழையும் ஈரமும் இங்கே தொழிலுக்குத் துணை. காற்று உலர்ந்தால் நிலைமின்சாரம் ஏறி, ரேக்கு கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கடைசி மேசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மூங்கில் இடுக்கியால் ரேக்கை எடுத்து, தோல் பலகையில் கிடத்தி, நடுவில் மெல்ல ஒரு ஊது. சுருங்கிக் கிடந்தது ஒரே மூச்சில் கண்ணாடிபோல் விரிந்தது. மூங்கில் சட்டத்தை அழுத்தி நாலு பக்கமும் வெட்டினார்: பதினோரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான சதுரம். நான் கவனிப்பதைப் பார்த்து, ஒரு ரேக்கை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினார். பொன் பச்சையாக இருந்தது! மேலே விழும் ஒளியை மஞ்சளாகத் திருப்பி அனுப்பும் தங்கம், தன்னை ஊடுருவிப் போகும் ஒளியை நீலப் பச்சையாக வடிகட்டித்தான் விடுகிறது. படித்திருக்கிறேன். ஆனால் விளக்கே குளத்தடியில் எரிவதுபோல் கண்முன் தெரிந்தபோது, நின்ற இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

இருட்டியதும் ஹிகாஷி சாயா தெருவுக்குப் போனேன். 1820இல் பிரபுவின் ஆட்சி அமைத்துக் கொடுத்த தேநீர் விடுதித் தெரு; நெருக்கமான மரச்சட்டங்களுக்குப் பின்னால் விளக்கு கசியும். பகலில் பொன் ரேக்கு போர்த்திய ஐஸ்கிரீமுக்கு வரிசை நிற்கும் கூட்டமெல்லாம் போயிருந்தது. அழகான தெருதான், ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கத்தமாச்சி. ஊரின் இராக் கேளிக்கைப் பகுதி. கட்டடத்தின் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மதுக்கடை, ஒவ்வொன்றுக்கும் செங்குத்தாக ஒரு விளக்குப் பலகை. நாற்சந்தியில் பச்சை விழுந்ததும் கண்ணாடித்தாள் குடைகள் எல்லாத் திசையிலிருந்தும் கிளம்பும். ஒவ்வொரு குடையும் ஒரு நிறத்தை வாங்கி, நடுச் சாலையில் அடுத்த குடைக்குக் கைமாற்றிவிட்டுப் போகும். ஈரத் தார்ச்சாலையில் முழு ஊரும் தலைகீழாக எரிந்துகொண்டிருந்தது. விளக்கைவிட நனைந்த தரைதான் பிரகாசம்.

அங்கேதான் நான் வரைய இருந்த படத்தில் ரேக்கு எங்கே போக வேண்டும் என்று தெளிவானது. விளக்கின் மேல் அல்ல, எல்லாவற்றுக்கும் அடியில்.

தெருவில் பென்சில் குறிப்புகள் மட்டும் எடுத்தேன். காற்றில் ரேக்கைத் திறப்பது முடியாத காரியம். தங்கிய அறையில் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பலகையில் செங்காவிப் பூச்சுக்கு மேல் எண்ணெய்ப் பசையைத் தடவினேன். விரல் முட்டியால் தொட்டால் ஒட்டாமல், இழுக்கும்போது மட்டும் மெல்லக் கீச்சிட வேண்டும். அதுதான் பதம். ஒவ்வொரு சதுரமும் பக்கத்துச் சதுரத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மூடுமாறு பலகை முழுக்கப் பொன் பாவினேன். மூடிய இடங்களில் மெல்லிய கட்டக் கோடுகள் எழும்பும். ஜப்பானியப் பொன் திரைகளில் பார்க்கலாம், அழிக்கவே மாட்டார்கள். என் படத்தில் அவை சன்னல்களின் அடுக்காக நிற்கின்றன.

அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சு. பிறகு இரவு. கறுப்பு வண்ணத்தைத் தொடவில்லை. அல்ட்ராமரீன் நீலமும் எரித்த அம்பரும் கலந்து, ஆளி எண்ணெயில் கண்ணாடியாக இளக்கி, பொன் முழுவதையும் மூடினேன். அதன்பின் வேலை பெரும்பாலும் எடுப்பதுதான். துணியால் துடைத்தால் நனைந்த சாலை. பிரஷ்ஷின் பின் முனையால் கீறினால் குடைக் கம்பி. சிவப்புச் சாயத்தை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்தால் காகித விளக்கு. வண்ணம் கனத்த இடம் இருட்டு, மெலிந்த இடம் ஊர்.

மேற்கத்திய ஓவியர்களில் இரவுக்கு அலைந்தவர் விஸ்லர். 1875இல் லண்டன் பூங்கா வாணவேடிக்கையை வரைந்தபோது தீப்பொறிகளையெல்லாம் மஞ்சள் வண்ணத்திலேயே சாதித்தார். எங்கிருந்து பார்த்தாலும் அந்தப் பொறி அதே பொறி. ரேக்கு அப்படியல்ல. தனக்கென்று வெளிச்சம் இல்லாதது அது. அறையில் உள்ளதைத்தான் திருப்பித் தரும். இடப்பக்கம் நின்றால் என் கத்தமாச்சிச் சாலை பற்றி எரிகிறது. இரண்டடி தள்ளிப் போனால் அதே சாலை இரும்பாகக் கறுக்கிறது. பார்ப்பவர் நடந்தால் படத்துக்குள் போக்குவரத்து நடக்கிறது. மின்விளக்கு இல்லாத காலத்து அறைகளில், ஒற்றை மெழுகுத் திரியின் முன்னால் பொன் திரைகளைக் கண்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இன்றைய காட்சிக்கூடங்களின் சீரான வெள்ளை வெளிச்சம் பொன்னுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஒரு நிறம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை: நியான் பலகையின் நடுவில் ஓடும் குளிர்ந்த வெள்ளை. பொன்னின் வெதுவெதுப்பு அதற்கு ஒத்துவராது. வெள்ளி ரேக்கு அழகுதான், ஆனால் வருடங்கள் போனால் கறுத்துவிடும். பிளாட்டினம் கறுக்காது, அதையும் கனசவாவில் அடிக்கிறார்கள். ஊர் திரும்புமுன் ஒரு சிறு கட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த பலகையில் பாதி பொன், பாதி பிளாட்டினம்.