அம்மாயியும் வந்த பயணம்

விடுமுறை வந்துவிட்டால் "எங்கே போகலாம்?" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கடற்கரை என்றால் தூரம், செலவும் அதிகம். "அடுத்த முறை பார்ப்போம்" என்று சொல்லியே இரண்டு வருடங்களைக் கடத்திவிட்டேன். பண்டாரவளையில் வசிக்கும் எங்களுக்கு அப்புத்தளை பக்கத்து ஊர்தான். வெளிநாட்டவர்கள் விமானமேறி வந்து பார்க்கும் லிப்டன் சீட் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் போனதேயில்லை.

போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மலைச்சரிவில் உள்ள ஒரு லயத்தில்தான் நான் பிறந்தேன். என் அம்மா அங்கே முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். நகரத்துக்கு வந்தபின் பிள்ளைகளிடம் அதைப்பற்றி நான் பேசியதில்லை. பாடசாலையில் யாரும் ஏளனமாகப் பார்ப்பார்களோ என்ற கூச்சம்தான்.

ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை. அம்மாவையும் கூப்பிட்டேன். "நான் நடந்த மலையைப் பார்க்கக் காசு குடுக்கணுமா?" என்று சிரித்தார். ஆனாலும் எல்லோருக்கும் முன்பாகவே சேலை கட்டித் தயாராகிவிட்டார். ஒன்பது மணிக்கெல்லாம் மேலே மூட்டம் மூடிவிடும் என்பதால், விடியுமுன்பே ஓட்டோவில் புறப்பட்டோம்.

அப்புத்தளையிலிருந்து சுமார் 10 கிலோமீற்றரில் தம்பேதன்னை. தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அதன்பின் ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தேயிலைக்கு நடுவே ஒடுங்கிய பாதை, வளைவுக்கு மேல் வளைவு. புறப்படும்போது நான்கு வயது மகனுக்கு ஒரு கோப்பை நிறையப் பால் கொடுத்தது என் தவறு. மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டான்.

ஓட்டோவை நிறுத்தி அவன் முகத்தைக் கழுவினேன். அம்மா அதற்குள் ஏழு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தேயிலை ஓரமாகப் போய்விட்டார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவது எப்படி என்று காட்டினார். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள் என்றார்.

"மழை பெய்தால் என்ன செய்வீங்க அம்மாயி?"

"கம்பளியைத் தலையில போட்டுக்கிட்டுப் பறிப்போம். உங்கம்மா அப்போ புள்ளக்காம்பராவில அழுதுகிட்டு இருப்பா."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

உச்சியில் லிப்டனின் சிலை ஆசனத்தில் அமர்ந்திருக்கிறது. அம்மா அதன் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். கீழே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கித் தாழ்நிலத்தில் கலந்தன. "முப்பது வருசம் இந்த மலையிலதான் கிடந்தேன். ஒரு நாளாவது இங்க வந்து உட்கார நேரம் இருந்திச்சா புள்ள?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அரை மணித்தியாலத்தில் மூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடியது. ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீருமாகப் பசியாறிவிட்டு இறங்கினோம். பகல் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம்.

சிறு பிள்ளைகளோடு போகும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். ஒரு நாளில் ஓரிடம் போதும். புறப்படுமுன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். மேலே காற்று கடுமையானது. தொப்பி, சுவெட்டர், மாற்றுடை, சுடுநீர்ப் போத்தல் கட்டாயம். மழை நாட்களில் போகவே வேண்டாம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததை மறக்க முடியுமா? 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலையகமெங்கும் மண் சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா, பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்த பின்பே புறப்படுங்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் மகள் எழுந்து நின்று, "எங்கள் அம்மாயி கொழுந்து பறித்த மலைக்குப் போனோம்" என்று சொன்னாளாம். ஆசிரியை சொன்னபோது ஒரு கணம் என் முகம் சுருங்கியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தக் கூச்சத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.