அப்பாவோடு ஒரு பப்புக்குப் போனேன்

லண்டனில் இருக்கும் என் நண்பருக்கு பப் பைத்தியம். வார இறுதியில் ரயிலேறி ஏதாவது ஒரு சிற்றூருக்குப் போவார். பீர் எப்படி, இருக்கை எப்படி, பக்கத்தில் இருந்தவர் என்ன பேசினார் என்றெல்லாம் எழுதி எனக்கு அனுப்புவார். கடைசியாக எழுதியது ‘மைக்ரோபப்’ பற்றி. கென்ட் பகுதியில் ஹெர்ன் என்ற கிராமத்தில், முன்பு கசாப்புக்கடையாக இருந்த சின்ன இடத்தில் 2005ல் மார்ட்டின் ஹில்லியர் என்பவர் தொடங்கிவைத்த வகை அது. பாட்டு கிடையாது, டிவி கிடையாது, சூதாட்ட இயந்திரம் கிடையாது. பீப்பாயிலிருந்து ஊற்றும் பீர்தான். முன்பின் தெரியாதவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பேசவேண்டும். “உங்க ஊர்ல இந்த மாதிரி ஒண்ணு இருக்கா? போய்ப் பாத்து எழுதுங்க” என்று முடித்திருந்தார்.

ஜார்ஜ்டவுனில் குடிக்க இடத்துக்கா பஞ்சம்? லவ் லேனில் சாயங்காலமானால் அஞ்சடி முழுக்க நாற்காலிதான். ஆனால் பழைய பிரிட்டிஷ் பப் என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது. வெள்ளைக்காரர்கள் இங்கே பப்பைக் கொண்டுவரவில்லை. 1868ல் பினாங்கு கிளப் வந்தது. 1885ல் ஆர்மீனியச் சகோதரர்களான சர்க்கீஸ்கள் கடலோரத்தில் ஓட்டல் தொழிலைத் தொடங்கினார்கள். இன்றைய ஈ அண்ட் ஓ ஓட்டல் அதன் வாரிசு. கிளப் உறுப்பினருக்கு, ஓட்டல் காசுள்ளவருக்கு. ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம்தான் பப். அந்த ‘பப்ளிக்’ மட்டும் கப்பலேறவில்லை.

எங்களுக்கு வந்தது கள்ளுக்கடை.

நண்பருடைய மைக்ரோபப் இலக்கணத்தை வைத்துக்கொண்டு தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. சின்ன இடம், உண்டு. ஒரே சரக்கு, உண்டு. கெடாமல் இருக்கும்போதே குடித்துத் தீர்க்கவேண்டும். திறந்த பீப்பாய் சில நாள் தாங்கும். காலையில் இறக்கிய கள் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். பாட்டுப் பெட்டி இல்லை, பாடுகிற ஆள்தான் உண்டு. பேச்சுக்குக் குறைவே இல்லை. ஆனால் கள்ளுக்கடைக்கு யாரும் விமர்சனம் எழுதியதில்லை. அதை மூடச் சொல்லித்தான் எழுதினார்கள், போராடினார்கள். 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்ற கோரிக்கையோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் சேர்ந்தே இருந்தது. 1947ல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராக மறியலில் இறங்கினார்கள். பீடோங்கில் போலீசாரோடு மோதல் வந்தது. உயிரும் போனது.

என் பாட்டி அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான் பால் வெட்டினாள். தாத்தா சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போனவர். மிச்சத்தை நான் சொல்லவேண்டியதில்லை. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேர் வீட்டில் அந்தக் கதை இருக்கும். தொண்டர் படைப் பையன்களைப் பற்றி, சாகிறவரை பாட்டி மரியாதையோடுதான் பேசினாள். அப்பா ஒரு சொட்டு தொட்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், பினாங்குக்கு வந்தபிறகு அவர் பார்த்த வேலை பீர் லாரி ஓட்டுவது. இருபத்திரண்டு வருஷம் இந்த டவுனின் பார்களுக்கெல்லாம் பின்சந்து வழியாகப் பெட்டி இறக்கியிருக்கிறார்.

அதனால்தான் அவரையே கூப்பிட்டேன். வரமாட்டார் என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

முதலில் சூலியா தெருவில் ஹாங்காங் பார் வாசல்வரை போனோம். 1920ல் தொடங்கியது. பட்டர்வொர்த் விமானத் தளத்து ஆஸ்திரேலியர்களும் கப்பல்காரர்களும் வந்துபோன இடம். 2004ல் தீப்பிடித்து, மறுபடி எழுந்தது. பப் என்ற பெயருக்கு இந்த ஊரில் மிகப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து அதுதான். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “கூட்டமா இருக்குடா” என்றார். ஈ அண்ட் ஓ ஓட்டலின் ஃபார்க்குவார்ஸ் பாருக்குப் போனோம். கருப்பேறிய மரம், தோல் நாற்காலி, குளிர். நான் பீர் சொன்னேன். அப்பா, “டீ கெடைக்குமா கேளு” என்றார். கிடைத்தது.

வெகுநேரம் சுற்றிப் பார்த்தார். “இந்தப் பக்கத்துலேருந்து பார் எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்லடா” என்றார்.

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். சம்பள நாளில் பாட்டி கள்ளுக்கடைக்கு எதிரே மரத்தடியில் நிற்பாளாம். உள்ளே போகமாட்டாள். ஏழு வயதுப் பிள்ளையை அனுப்புவாள், ‘போய் உங்கப்பாவக் கூட்டிட்டு வா’ என்று.

“நா உள்ள போனா எல்லாரும் சிரிப்பாங்க. மடியில உக்கார வெச்சு கச்சான் குடுப்பாங்க. உங்க தாத்தா பாடுவாரு. வீட்ல அவர் பாடி நா கேட்டதே இல்ல. வேலக்காட்டுல கங்காணி ஏசுவான், வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்த பேசமாட்டாரு.” டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “நல்லா இருந்துச்சுடா உள்ள. வெளிய அம்மா நிக்கிறாங்கன்னு தெரியும். இருந்தும் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கூப்பிடுவேன்.”

எழுபத்தாறு வயதில் அவர் அதை முதல்முறையாகச் சொல்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. நான் பீரைக் கீழே வைத்தேன். என்ன சொல்வது? கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் சரி. அந்த ஒரு மணி நேரம்தான் தாத்தா மனுஷராக இருந்தார் என்பதும் சரி. உரிமம் தந்து வருமானம் பார்த்த அரசாங்கம், அந்த மணி நேரத்தைக் கள்ளைத் தவிர வேறெதனாலும் நிரப்ப வழிவிடவில்லை.

நண்பருக்கு எழுதவேண்டும். பீர் சில்லென்று இருந்தது, விலை அதிகம், நாற்காலி சுகம், பக்கத்து மேசைக்காரர் யாரும் எங்களோடு பேசவில்லை. இருக்கை, விலை, இரைச்சல் எல்லாவற்றையும் குறித்துவைக்கும் அவர், வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. நானும்தான் இதுவரை அதைப் பார்த்ததில்லை.

போன் அடித்தது. மனைவி. “எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்? சாப்பாடு ஆறுது.”

நான் பதில் சொல்வதற்குள் அப்பா எழுந்துவிட்டார். “கெளம்பிட்டோம்னு சொல்லு.”