ஜாலான் சுல்தானின் மூத்த மதரஸா

சிங்கப்பூரின் கம்போங் கிளாம் வட்டாரத்தில், ஜாலான் சுல்தான் சாலையில் 1912ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அல்சகாஃப் அரபு மதரஸா, தீவில் இன்று இயங்கும் ஆறு முழுநேர மதரஸாக்களுள் (மார்க்கக் கல்வியையும் பொதுக் கல்வியையும் சேர்த்துப் புகட்டும் பள்ளிகளுள்) மூத்ததாகும். அதைப் புரிந்துகொள்ள அதைச் சுற்றியுள்ள ஊரையும் அறிய வேண்டும்.

சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டம், மலாய் சுல்தானின் அரண்மனைக்கு அருகே அரேபியருக்கும் பூகிஸ் மக்களுக்கும் இடம் ஒதுக்கியது. மலாக்காவிலிருந்து வந்து வணிகத்தில் செழித்த ஹாஜா ஃபாத்திமா 1846 அளவில் பீச் சாலையில் பள்ளிவாசல் கட்டினார்; அவருடைய மகள் ராஜா சித்தி அல்சகாஃப் குடும்பத்தில் மணம் புரிந்தார்; அத்தம்பதியின் மகனே, ஹஜ் பயணிகளைக் கப்பலில் அனுப்பிய வணிகக் குடும்பத்தின் பெரும் புரவலர் சையது முகமது பின் அகமது அல்சகாஃப்.

அவர் 1904இல் ஏற்படுத்திய வக்ஃபுதான் இக்கல்விக்கூடத்தின் வேர். வக்ஃபு என்பது, சொத்தை விற்கவோ வாரிசுகள் பங்கிடவோ இயலாதபடி இறைவழியில் நிலைநிறுத்தி, அதன் வருவாயை மட்டும் அறத்துக்குச் செலவிடும் ஏற்பாடு. அவர் 1906இல் மறைந்த பிறகே மதரஸா எழுந்தது என்பது இவ்வேற்பாட்டின் வலிமையைக் காட்டுகிறது. இதே நகரில் 1908இல் சீர்திருத்தவாதிகள் தொடங்கிய அல்-இக்பால் மதரஸா, புதுமையில் முந்தியிருந்தும், விரைவிலேயே மூடப்பட்டதை எண்ணினால், கருத்தைப் போலவே நிலையான வருவாயும் ஒரு பள்ளிக்கு உயிர் என்பது விளங்கும்.

கொடையாளர் செல்வராகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்கும் அருகிலேயே சான்று உண்டு: சுல்தான் பள்ளிவாசலின் பொற்குவிமாட அடிவிளிம்பில் வரிசையாகப் பதிந்திருப்பவை, ஏழை முஸ்லிம்கள் அளித்த கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள்.

இன்று பெண்கள் மட்டுமே பயிலும் அல்சகாஃப் மதரஸா, 2003இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் பின் ஏனைய மதரஸாக்களைப் போலவே தேசியத் தேர்வான தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் அளவுகோலுக்கும் ஈடுகொடுத்து வருகிறது.

மதரஸா அருகிலேயே அமைந்த கம்போங் கிளாமைப் போலன்றி, தீவின் வடகோடியிலுள்ள உட்லண்ட்ஸ் வட்டாரத்தின் நிலை வேறு. கம்பங்கள் (சிற்றூர்க் குடியிருப்புகள்) அகற்றப்பட்டு அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது, 1975இல் தொடங்கிய பள்ளிவாசல் கட்டட நிதியின் துணையால், தொழுகைக் கூடத்தோடு வகுப்பறைகளும் கொண்ட அந்நூர் பள்ளிவாசல் 1980இல் அங்கே அமைந்தது. 2017இல் யூசோஃப் இஷாக் பள்ளிவாசலும் சேர்ந்தது. அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் தேசியப் பள்ளிகளில் பயின்று, மார்க்கத்தை இத்தகைய பள்ளிவாசல்களின் பகுதிநேர வகுப்புகளில் கற்கின்றனர். முழுநேர மதரஸாவை நாடுவோர் உட்லண்ட்ஸுக்கு வெளியே நெடுந்தூரம் பயணம் செய்கின்றனர்.