7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. பி.காம். படிக்கிறவனுக்குக் குழந்தைகளின் சாவைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. இரண்டாம் வருஷம் புள்ளியியல் பேப்பர் இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் எங்கள் சித்தி.

நான் எட்டாவது படிக்கும்போது சித்திக்கு இரண்டாவதும் பெண் பிறந்தது. மூன்றாவது மாதம், பூதப்பாண்டி பக்கத்தில் ஆச்சி வீட்டில், ராத்திரி பால் குடித்துவிட்டுத் தூங்கின குழந்தை விடியும்போது எழவில்லை. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. மத்தியானத்துக்குள் தோப்பில் அடக்கம் பண்ணிவிட்டார்கள். துட்டிக்கு வந்தவர்கள் முற்றத்தில் பேசியது எனக்குக் கேட்டது. "ஒறக்கத்துல பிள்ளைக்க மேல கை போட்டிருப்பாளோ?" என்றார் ஒருத்தர். இன்னொருத்தர் குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவதும் பொம்பளப் பிள்ளைல்லா..." என்றார். அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை.

புரிந்தது கல்லூரிக்கு வந்த பிறகு. 1980-களில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை செய்தியானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஆனால் யாராவது "நான் கொன்றேன்" என்று எழுதிக் கொடுப்பார்களா? அப்புறம் எப்படித் தெரிந்தது? ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்து 1997-இல் எழுதினார்கள். இதில் உள்ள அடிப்படைக் கணக்கு எளிது. பிறந்த முதல் மாதத்தில் இயற்கையாகவே ஆண் குழந்தைகள்தான் அதிகம் இறக்கும். பெண் குழந்தைக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி கூடுதல். ஓர் ஊரில் அது தலைகீழாக இருந்தால், அங்கே இயற்கையல்லாத ஏதோ ஒன்று நடக்கிறது. மதுரைப் பக்கத்திலிருந்து சேலம், தருமபுரி வரை ஒரு பட்டை போல அது தெரிந்தது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண் குழந்தைகள். சேலம் மாவட்டத்தில் 851.

படித்தபோது பிரமித்துப் போனேன். வெறும் கூட்டல் கழித்தல், மூடின கதவுக்குள் நடந்ததைச் சொல்லிவிட்டதே என்று. அதே வேகத்தில் இன்னொன்றும் நடந்தது. அடுத்த தடவை ஆச்சி வீட்டுக்குப் போனபோது, சித்தி தோசை வார்த்துக்கொண்டிருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

என்னைத் திருத்தியது இன்னொரு கணக்கு. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண் வழக்கறிஞர். முதல் மகன் 1996 டிசம்பரிலும் இரண்டாவது மகன் 1998 ஜனவரியிலும் கைக்குழந்தைகளாகவே திடீரென்று இறந்தார்கள். ராய் மெடோ என்ற பிரபல குழந்தை மருத்துவர் நீதிமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8543-இல் ஒன்று. இரண்டு இறக்க 8543 × 8543, அதாவது ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. 1999-இல் ஆயுள் தண்டனை.

புள்ளியியல் வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தப்பு தெரியும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிகழ்ச்சிகளைத்தான் அப்படிப் பெருக்கலாம். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு. முதல் குழந்தையைக் கொண்டுபோன காரணம் இரண்டாவதற்கும் இருக்கலாமே. இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. நம்மூர்க்காரர் ஒருவர் பாறசாலையில் கேரளா லாட்டரி வாங்கி முதல் பரிசு அடிக்கிறார். "பத்து லட்சத்தில் ஒன்றுதான் வாய்ப்பு, அதனால் இவன் திருடியிருக்கிறான்" என்று சொல்வோமா? அரிதானது நடந்துவிட்டது, ஏன் என்பதுதான் கேள்வி. ஒரு தாய் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் அரிதுதானே! எது அதிக அரிது என்று யாரும் ஒப்பிடவில்லை. ராயல் புள்ளியியல் கழகமே 2001-இல் இந்தக் கணக்கு தப்பு என்று அறிக்கை விட்டது. இரண்டாவது குழந்தையின் பரிசோதனை முடிவுகள் மறைக்கப்பட்டதும் பிறகு வெளிவந்து, 2003-இல் விடுதலையானார். 2007-இல் இறந்துபோனார்.

பெயர் மாறினாலே கணக்கு மாறும் என்பதும் உண்டு. காரணம் தெரியாத திடீர் சிசு மரணம் என்ற பெயரே 1969-இல்தான் வரையறுக்கப்பட்டது. 1994-இல் அமெரிக்காவில் குழந்தையைக் குப்புறப் போடாமல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். இந்த மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. நிஜமான வெற்றி. ஆனால் பிந்தைய வருஷங்களில் குறைந்ததில் ஒரு பகுதி, "மூச்சுத்திணறல்", "காரணம் தெரியவில்லை" என்று வேறு கட்டத்துக்குப் போனதுதான். சிசுக்கொலை குறைந்த இடங்களில் ஸ்கேன் பார்த்துக் கலைப்பது வந்ததும் இப்படித்தான். குறைந்த எண் வேறு எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும்.

எனக்குப் புரிந்தது இதுதான். ஆயிரம் சாவுகளைப் பற்றிப் புள்ளிவிவரம் சத்தியம் பேசும். ஒரு வீட்டுக் கதவைக் காட்டி "இவள்தான்" என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. "கன்னியாகுமரி மாவட்டம் அந்தப் பட்டையிலேயே இல்லை, அதனால் சித்தி செய்திருக்க மாட்டாள்" என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் அதே தப்புதான்! மாவட்டக் கணக்கு சித்தியைக் குற்றவாளியாக்கவும் முடியாது, நிரபராதியாக்கவும் முடியாது.

போன பொங்கலுக்கு, தைரியம் வரவழைத்துக் கேட்டேன். "சித்தி, பாப்பா இறந்ததை ஆபீஸ்ல பதிஞ்சீங்களா?"

"இல்ல மக்களே, ஆரு பதிஞ்சா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வந்தவங்க எல்லாரும் எப்பிடிச் செத்துதுன்னு கேட்டாவ. பேரு என்னன்னு ஒருத்தரும் கேக்கல்ல" என்றார். பேரைச் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நான் நம்பின எந்தக் கணக்கிலும் அந்தக் குழந்தை இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லிருந்தே இருக்கிறது. 21 நாளுக்குள் சொன்னால் போதும். முற்றத்தில் அத்தனை பேர் இருந்தும் யாருக்கும் தோன்றவில்லை. பேசத்தான் தோன்றியது.

உங்கள் வீட்டுப் பக்கம் இப்படி ஒன்று நடந்தால், கைக்குழந்தைதானே என்று விட்டுவிடாமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். டாக்டரிடம் காரணம் கேளுங்கள். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். காரணம் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அந்த இடத்தில் அம்மாவின் பெயரை எழுதிவிடாதீர்கள்.