இளக வேண்டிய இடம்

காரில் உட்காருகிறவருக்கு உடம்பு நோகாமல் இருப்பதைத் தமிழில் ‘சொகுசு’ என்று சொல்லிவிடுகிறோம். சொகுசுப் பேருந்து, சொகுசுக் கார், சொகுசு விடுதி. காசு மிஞ்சியவர்கள் வாங்கிக்கொள்கிற கூடுதல் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 41 கிலோ எடையுள்ள அம்மாவை வாரம் இரண்டு முறை உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகத் தொடங்கியபின் அந்தச் சொல் எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

போக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வர அதே தூரம். போகும்போது அம்மா பேசிக்கொண்டு வருவார். திரும்பும்போது பேச்சு இருக்காது. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரும் உடம்பு துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். ஃபிஸ்டுலா போட்ட இடது கையில் அழுத்தம் கொடுக்கக் கூடாது என்பதால் வலது கையால் முன்சீட்டைப் பிடித்துக்கொள்வார். கருமாத்தூர் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கினால், கண்ணாடியில் அவர் முகம் சுருங்குவது தெரியும். “வலிக்குதாம்மா?” என்றால், “ஒண்ணுமில்லடி, நீ ரோட்டப் பாத்து ஓட்டு” என்பார்.

வண்டி பத்து வருடப் பழசு, 90,000 கிலோமீட்டர் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். முன்பக்கத்தில் ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்தது. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் இடதுபக்கம் இழுத்தது. முன் டயர்கள் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தன. மெக்கானிக் வண்டியைத் தூக்கி, கம்பியால் நெம்பிக் காட்டினார். லோயர் ஆர்மின் புஷ் கிழிந்திருந்தது. பால் ஜாயின்ட் ஆடியது. காட்டி முடித்ததும், “வீட்ல சார் யாராச்சும் இருந்தாப் பேசச் சொல்லுங்க மேடம்” என்றார். வண்டி என்னுடையது, பணம் என்னுடையது, பேச வேண்டியது என்னிடம்தான் என்றேன். “லேடீஸ் ஓட்டுற வண்டிதான, சாதா செட்டே போதும்” என்று முடித்துக்கொண்டார்.

தம்பி போனில் நேரெதிராகச் சொன்னான். கோயம்புத்தூரில் படித்தபோது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்துப் பழகியவன். “பாலியூரிதேன் புஷ் போட்டுரு அக்கா. தண்டவாளத்துல போற மாதிரி போகும்.” ஒருவர் ஓட்டுவது பெண் என்பதை வைத்து முடிவு செய்தார். இன்னொருவன் ஓட்டுவது தானென்று நினைத்து முடிவு செய்தான். பின்சீட்டில் உட்காருவது யாரென்று இருவரும் கேட்கவில்லை.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். விசையும் திசையும் எனக்குப் புதிதல்ல. கிழிந்த ஆர்மை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் பார்த்தேன். எல் எழுத்து வடிவத்தில் வளைந்த இரும்பு அது. ஒரு முனையில் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட். உடற்சட்டத்தோடு சேரும் மற்ற இரண்டு இடங்களில் புஷ். புஷ் என்றால் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒட்டி வார்த்த ரப்பர், அவ்வளவுதான். ஆனால் இரண்டு புஷ்ஷும் ஒன்றல்ல. முன்னால் இருப்பது சிறியது, கெட்டி. வளைவில் திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிப்பது அதன் வேலை. பின்னால் இருப்பது பெரியது. ரப்பருக்கு நடுவே பிறை வடிவில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மோதிப் பின்னால் தள்ளப்படும்போது, ஆர்ம் முன் புஷ்ஷைச் சுற்றி இம்மியளவு திரும்பும். அந்த அசைவைப் பின் புஷ் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்ளாவிட்டால் அந்த அடி தரைத்தகடு வழியாக இருக்கைக்குப் போகும். இருக்கையிலிருந்து அம்மாவின் முதுகுத்தண்டுக்குப் போகும்.

இதைப் பார்த்தபின் தம்பியின் யோசனை எங்கே சரி, எங்கே தவறு என்று தெரிந்துவிட்டது. ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். கார் புஷ்களில் அது பெரும்பாலும் 50க்கும் 70க்கும் இடையில் இருக்கும். விற்பனைக்கு வரும் பாலியூரிதேன் 70இலிருந்து 95 வரை போகும். இரண்டு இடத்திலும் அதைப் போட்டால் ஸ்டியரிங் கூர்மையாகும், பள்ளமும் கூர்மையாகும். கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். பந்தயக்காரர்கள் போடுகிற தடித்த ஆர்மும் எனக்கு வேண்டாம். சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை கூடக்கூட, சாலையின் ஒவ்வொரு மேடும் உள்ளே தெரியும். ஆகவே என் பட்டியல் இது: அதே அளவில், நல்ல பால் ஜாயின்டோடு இரண்டு புதிய ஆர்ம்கள், முன் புஷ் மட்டும் ஒரு படி கெட்டியான ரப்பரில், பின் புஷ், வெற்றிடம் உள்ள பழைய வகையே. பிடிக்க வேண்டிய திசையில் பிடிப்பு, இளக வேண்டிய திசையில் இளக்கம்.

‘விட்டுக்கொடுத்துப் போ’ என்பது நம் வீடுகளில் பெண்ணுக்கு மட்டும் சொல்லப்படும் புத்தி. எந்த இடத்தில், எந்தத் திசையில், எவ்வளவு என்ற கணக்கு அதில் கிடையாது. எல்லாத் திசையிலும் விட்டுக்கொடுத்த ரப்பரைத்தான் மெக்கானிக் கம்பியால் நெம்பிக் காட்டினார். கிழிந்து தொங்கியது.

மாட்டும் நாளில் பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். இரண்டு விஷயங்களை விடக் கூடாது என்று எழுதிவைத்திருந்தேன். ஒன்று, பின் புஷ்ஷின் வெற்றிடம் பழையதில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வர வேண்டும். திருப்பி அழுத்திவிட்டால் இளக வேண்டிய திசையில் இறுகிவிடும். இரண்டு, கடைசி இறுக்கம். ஒட்டி வார்த்த ரப்பர் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே அதன் ஓய்வு நிலை. வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறக்கிய நொடியிலிருந்து அந்த ரப்பர் ஆயுள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்கும். வண்டியும் கெட்டியாக ஓடும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

“எப்பவும் இப்பிடித்தான் மேடம் போடுறோம்” என்றார் மெக்கானிக். தொங்கும் நிலையில் போல்ட்டைக் கையிறுக்கம் மட்டும் வைக்கச் சொன்னேன். பிறகு வண்டியைக் குழியின் மேல் நாலு சக்கரத்திலும் நிறுத்தி, பானெட்டைப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, கீழிருந்து முழுதாக இறுக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். குழிக்குள் ஸ்பேனரோடு நின்ற உதவிப் பையன் மட்டும், “ஏன்க்கா இப்பிடி?” என்று கேட்டான். ஒரு ரப்பர்த் துண்டை முறுக்கிக் காட்டிச் சொன்னேன். தலையாட்டினான். மெக்கானிக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வீல் அலைன்மென்ட்டும் சேர்த்துப் பில் 12,000 ரூபாய் வந்தது. அதில் ‘பராமரிப்புக் கூலி’ என்று தனி வரி.

அந்தச் சொல்லையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காரைப் பார்த்துக்கொள்வதும் பராமரிப்பு, அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் பராமரிப்பு. ஒன்றுக்கு மணிக்கணக்கும் கூலியும் ரசீதும் உண்டு. மற்றது மகளின் குணம். அப்பாவைப் பதினோரு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்த அம்மாவுக்கு யாரும் ரசீது போட்டதில்லை. அப்படிப் பார்த்துப்பார்த்துத்தான் “ஒண்ணுமில்லடி” என்ற பதில் அவருக்கு மனப்பாடமானது. தனக்கு நோகிறது என்று சொல்வதே சொகுசு என்று நம்புகிற தலைமுறை.

இன்னும் ஒரு மாற்றம் பாக்கியிருந்தது. அதற்குச் செலவே இல்லை. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் மேல்கீழ் அதிர்வை மிக அதிகமாக உணரும் என்று அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 தரவிதி கணக்கில் எடுக்கிறது. சின்னக் காரில் பின்சீட்டு, பின்சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பின் ஸ்பிரிங் மூன்று பெரியவர்களையும் மூட்டைகளையும் தாங்கச் செய்தது; 41 கிலோவுக்கு அது அசைந்து கொடுக்காது. முன்சீட்டு, இரண்டு அச்சுகளுக்கும் நடுப்பக்கமாக வருவதால் ஆட்டம் குறைவு. ஆனால் அம்மா எந்தக் காரிலும் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அது அப்பாவின் இடம், பிறகு தம்பியின் இடம், யாரும் இல்லாதபோது காய்கறிப் பையின் இடம்.

“அங்கெல்லாம் எதுக்குடி, பின்னாடியே இருக்கேன்” என்றவரை, பையைப் பின்னால் போட்டுவிட்டு முன்னால் உட்காரவைத்தேன். சீட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்தேன். டயர் காற்றைக் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கே வைத்தேன். பெட்ரோல் பங்கில் நாலு பவுண்டு கூடுதலாக அடித்துவிடுகிற வழக்கத்தை நிறுத்தினேன்.

அன்று டயாலிசிஸ் முடிந்து திரும்பியபோது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நேராக நின்றது. பள்ளங்கள் போய்விடவில்லை, அவற்றின் முனை மழுங்கியிருந்தது. செக்கானூரணி வரை அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கருமாத்தூரை நெருங்கும்போது, திடீரென்று என் தொடையில் தட்டினார்.

“ஏய், மெதுவாப் போ. முன்னாடி பள்ளம் இருக்கு. எனக்கு வலிக்கும்ல?”

வேகத்தைக் குறைத்தேன்.