பாயில் பேர் போடக்கூட கேட்டுத்தானே நெய்வோம்!

பத்தமடையில் அந்த வீட்டுத் தறியில் பாதி நெய்த பாய் ஒன்று கிடந்தது. கல்யாணப் பாய். மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் அதில் வர வேண்டும். இரவுத் தொழுகை முடித்து வந்த அந்தத் தாய், தறிப் பக்கம் போகவில்லை. மகளின் செல்போனை எட்டிப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மகள் நர்சிங் முடித்தவள். குவைத் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறாள். உம்மா 'சரி' என்று சொல்வதுதான் பாக்கி. அந்த ஒரு வார்த்தை வராததற்குக் காரணம், 2014.

அந்த வருடம் ஈராக்கின் திக்ரித் நகரை ஐ.எஸ். தீவிரவாதிகள் பிடித்தபோது, அங்கே மருத்துவமனையில் வேலை பார்த்த 46 இந்திய நர்ஸ்கள் மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலும் கேரளப் பெண்கள். நம் பக்கத்துத் தூத்துக்குடிப் பெண்ணும் ஒருவர். ஜூலை 3-ம் தேதி அவர்களை பஸ்ஸில் ஏற்றி மொசூலுக்குக் கொண்டுபோனார்கள். கையில் செல்போன் இருந்ததால், இந்தியத் தூதரகத்தோடும் அப்போதைய கேரள முதல்வர் உம்மன் சாண்டியோடும் அவர்களால் பேச முடிந்தது. ஜூலை 5-ம் தேதி கொச்சியில் வந்து இறங்கினார்கள். ஆனால், அதே மொசூலில் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் திரும்பவே இல்லை. அவர்கள் கொல்லப்பட்டதை 2018-ல்தான் மத்திய அரசு உறுதி செய்தது.

மகள் பார்த்துக்கொண்டிருந்த படம் 'சபாயா'. 2021-ல் வந்த ஆவணப்படம். ஸ்வீடனில் வாழும் குர்து இனத்தவரான ஹோகிர் ஹிரோரி எடுத்தது. 2014 ஆகஸ்ட்டில் வடக்கு ஈராக்கின் சிஞ்சார் பகுதியில் யஸீதி மக்களைத் தாக்கிய ஐ.எஸ்., ஆயிரக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் அடிமைகளாகப் பிடித்துப்போனது. அப்படிப் பிடிக்கப்பட்டவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'சபாயா'. பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நாதியா முராத் அவர்களில் ஒருவர்.

ஐ.எஸ். தோற்ற பிறகும் அந்தப் பெண்களில் பலர் சிரியாவின் அல்-ஹோல் முகாமில், ஐ.எஸ். குடும்பங்களுக்கு நடுவே ஒளித்து வைக்கப்பட்டிருந்தார்கள். ஒரு சிறிய மீட்புக் குழு அவர்களைத் தேடி ராத்திரியில் உள்ளே போகிறது. அதற்கு முன்பே சில பெண்கள் முகத்திரை போட்டு முகாமுக்குள் தங்கி, யார் எந்தக் கூடாரத்தில் இருக்கிறார்கள் என்று துப்பு சொல்கிறார்கள். அவர்களில் முன்பு அடிமையாக இருந்து தப்பியவர்களும் உண்டு.

"தப்பிச்சு வந்தவளா திரும்ப உள்ள போறா?"

"ஆமா உம்மா."

"அல்லாஹ் பேரைச் சொல்லிக்கிட்டா இவனுவ இப்படிச் செஞ்சானுவ? பாவிப் பயலுவ" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீட்கப்பட்ட ஒரு பெண், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டிய கட்டம் வந்தபோது அவரால் பார்க்கவே முடியவில்லை. தகப்பன் ஐ.எஸ். ஆள் என்பதால் அந்தப் பிள்ளையை ஏற்க யஸீதி சமூகம் தயாராக இல்லை. வெளியே வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தவருக்கு, அப்போதுதான் புரிந்தது, மீட்பு அங்கே முடிவதில்லை என்று.

படம் முடிந்ததும் மகள், அழும் பெண்ணின் முகம் வந்த காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கப் போனாள். அதற்குள், படத்தைப் பற்றி வந்த ஒரு செய்தி கண்ணில் பட்டது. படத்தில் இருக்கும் பெண்களில் சிலர், தங்கள் சம்மதம் சரியாகக் கேட்கப்படவில்லை என்று பத்திரிகையிடம் சொல்லியிருந்தார்கள். சம்மதம் வாங்கித்தான் எடுத்தேன் என்பது இயக்குநரின் பதில். மகள் உம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

உம்மா தறியைக் காட்டினார்.

"ஏளா, ஒரு பாயில பேர் போடணும்னாலே, வீட்டுக்காரங்களைக் கைப்பட எழுதித் தரச் சொல்லி, ரெண்டு தடவை கேட்டுட்டுத்தானே நெய்யுதோம். ஒரு புள்ளையோட மூஞ்சிய ஊருக்கே காட்டுறதுக்குக் கேக்க வேண்டாமா? அவளுவளைத் தூக்கிட்டுப் போனவன் கேக்கல. காப்பாத்துறவங்களாவது கேக்கணும்லா?"

"அவங்க கஷ்டம் உலகத்துக்குத் தெரியணும்னுதான உம்மா எடுத்தாங்க?"

"தெரியணும். வேண்டாம்னு சொல்லல. அவ சொல்லணும்னு நினைச்சா சொல்லட்டும்."

மகள் அந்தப் படத்தை போனிலிருந்து அழித்தாள்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு உம்மாவே ஆரம்பித்தார். "அந்த 46 பேரும் நம்மளை மாதிரி வீட்டுப் புள்ளைங்கதான். பயந்துட்டு யாரும் வேலைக்குப் போகாம இருக்க முடியுமா? நீ போயிட்டு வா. ஆனா ஏஜென்ட் அது இதுன்னு வேண்டாம். தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்குன்னு சொன்னியே, அது மூலமாப் போ. பாஸ்போர்ட் நகல் ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும். அங்க உள்ள நம்ம தூதரக நம்பரையும் பெருசா எழுதிக் குடு, எனக்குத் தெரியுற மாதிரி."

மகள் காகிதம் எடுக்க உள்ளே ஓடினாள். உம்மா தறி முன்னால் உட்கார்ந்து, பெண் வீட்டார் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, பேரை இன்னொரு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார்.