சோமனூரில் கற்ற நடைப் பாடம்

கோயமுத்தூர் காந்திபுரத்தில் பஸ் ஏறி அவினாசி ரோட்டில் கிழக்கே வந்தால், நீலாம்பூர் தாண்டிக் கருமத்தம்பட்டி. அங்கே தெற்கே திரும்பினால் சிறிது நேரத்தில் சோமனூர். ரயிலில் வருகிறவர்களுக்கு, ஈரோடு போகும் பாதையில் சூலூர் ரோடுக்கு அடுத்த ஸ்டேஷன். ஊரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டு விடலாம். எந்தத் தெருவில் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தம்தான். திருப்பூருக்குப் பனியன் என்றால் சோமனூருக்குக் காடாத் துணி. பெரும்பாலும் கூலி நெசவு. வியாபாரி நூல் கொடுப்பார். இவர்கள் நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்க வேண்டும். ஆணும் பெண்ணும் ஷிப்டு போட்டு நின்றால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

இந்த ஊரில்தான் என் சித்தி மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மூன்று நாள் தங்கலாம் என்று போயிருந்தேன். அவளுடைய பையனுக்கு நான்கு வயது. ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். நல்ல சூட்டிகை; "பெரீம்மா, எனக்கு என்ன வாங்கியாந்தீங்க?" என்று வாசலிலேயே பிடித்துக் கொண்டான். ஆனால் நடை வரவில்லை. பிடித்து நிறுத்தினால் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்பான். இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போலப் பின்னிக் கொள்ளும். மூளை முடக்குவாதம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் செரிப்ரல் பால்சி.

"ஆறு மாசமா ஞாயித்துக்கெழமையானா ஒருத்தருகிட்டப் போயி நீவி உட்டுட்டு வந்தமுங்க்கா. காலைப் புடிச்சு இழுக்கறப்ப வீல் வீல்னு கத்துவான். அன்னிக்கு ராத்திரி காலு லேசா இருக்கும். விடிஞ்சா மறுபடியும் இறுகிப் போயிரும். ஒரு வாரக் கூலி அதுக்கே போச்சுங்க்கா" என்றாள்.

இப்போது அவள் போவது பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு அங்கே பிசியோதெரபி உண்டு, காசு கிடையாது. நானும் கூடப் போனேன். அங்கிருந்த இளம்பெண் எனக்கும் பொறுமையாக விளக்கினார்.

நீவினால் நடை வருமா?

"கோளாறு காலில் இல்லீங்கம்மா. நரம்பு எதுவும் முடிச்சுப் போட்டுக் கொள்ளவும் இல்லை. 'தளர்ந்து கொள்' என்று மூளையிலிருந்து காலுக்குப் போக வேண்டிய கட்டளை சரியாகப் போவதில்லை. அதனால் தசை விறைப்பாகவே இருக்கிறது. இதமாக நீவினால் விறைப்பு கொஞ்ச நேரம் குறையும், குழந்தை சுகமாகத் தூங்கும். ஆனால் நீவுவதால் மட்டும் மூளை நடையைக் கற்றுக் கொள்ளாது. குழந்தை தானே எழுந்து, நின்று, தடுமாறிப் பழகினால்தான் கற்றுக் கொள்ளும்" என்றார்.

இது உலகம் மெள்ள மெள்ளக் கண்டறிந்த உண்மை. குறைமாதப் பிறப்புக்கும் கடினமான பிரசவத்துக்கும் இந்த விறைப்புக்கும் தொடர்பு உண்டு என்று 1861-ல் எடுத்துச் சொன்னவர் லண்டன் டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில். வெகு காலம் இதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர். 1940-களில் லண்டனில் பெர்த்தா போபாத் என்ற அம்மையார், குழந்தையைக் கையால் பிடித்து நிலை மாற்றி விறைப்பைக் குறைக்கும் முறையைக் கொண்டு வந்தார். அது உலகெங்கும் பரவியது. பிறர் கை அசைப்பதை விட, குழந்தை தானே விரும்பி ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதே அதிகப் பலன் தரும் என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

வீட்டில் செய்வது

என் தங்கை தினமும் காலையில், தறிக்குப் போகுமுன் செய்வதை எழுதுகிறேன். ஒவ்வொரு குழந்தைக்கும் முறை மாறும். பிசியோதெரபிஸ்ட் கண் முன்னால் ஒரு முறை செய்து காட்டிய பிறகே வீட்டில் செய்யுங்கள்.

* வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய் தொட்டு, தொடையிலிருந்து பாதம் வரை மெதுவாகத் தடவுகிறாள். பேச்சும் பாட்டும் கூடவே நடக்கும்.

* முழங்காலை நீட்டி வைத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெள்ள மேல்நோக்கிச் சாய்த்து அரை நிமிடம் பிடிக்கிறாள். விரல்களைப் பிடித்து வளைப்பதில்லை.

* உடனே படுக்கப் போடாமல், பாதம் இரண்டும் தரையில் படும்படி சின்ன முக்காலியில் உட்கார வைக்கிறாள். எதிரே கட்டிலில் பொம்மைக் கார். எழுந்து நின்றால்தான் எட்டும். பத்துப் பதினைந்து முறை எழுந்து உட்காருகிறான்.

* பிறகு கட்டிலைப் பிடித்துக் கொண்டு பக்கவாட்டில் நடை.

* பகலில் டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை. சில நிமிடம் இழுத்து விடுவதால் மட்டும் தசை நீண்டு விடாது. நாள் முழுக்கக் கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியமாம்.

குழந்தை வலியில் அழுதால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தங்கை சொன்னாள்: "பாவு இறுகியிருந்தா வெடுக்குனு இழுக்க மாட்டமுங்க்கா, அறுந்து போயிருமல்லோ. இதுவும் அது மாதிரித்தானுங்க்கா."

இடுப்பைப் பிடித்து முறுக்குவதும், கழுத்தைச் சொடுக்குவதும், முதுகில் ஏறி மிதிப்பதும் கூடவே கூடாது. இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெள்ள விலகுகிறது. அதை எக்ஸ்ரேயில்தான் கண்டுபிடிக்க முடியும். டாக்டர் சொன்ன இடைவெளியில் எடுத்துப் பார்ப்பது அவசியம். விறைப்பு அதிகமானால் சில மாதம் தளர்வு தரும் ஊசியும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு. வலிப்பு மாத்திரை சாப்பிடும் குழந்தைக்கு, யார் சொன்னாலும் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எப்போது கவனிக்க வேண்டும்?

குறைமாதத்தில் பிறந்த, பிறந்ததும் அழாத, கடும் மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகளைக் கூர்ந்து கவனியுங்கள். ஐந்து மாதமாகியும் தலை நிற்காதது, கை முஷ்டி எப்போதும் மூடியே இருப்பது, ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்கார முடியாதது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது ஆகியவை எச்சரிக்கைகள். 'ஆம்பளைப் புள்ள, நேரம் கழிச்சுத்தான் நடப்பான்' என்று சும்மா இருக்க வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் சேர்ந்திருப்பதால் அடையாள அட்டையும் வாங்கலாம்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் எஸ்.இராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது. அவர்கள் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வாரம் ஒரு நாள் யாரோ பிடித்து விடுவதை விட, தினமும் வீட்டில் நடக்கும் அரைமணிப் பழக்கத்துக்குத்தான் பலம் அதிகம்.

எல்லாக் குழந்தையும் நடந்து விடும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு விதத்தில் நடக்கிறார்கள். சிலருக்கு வாக்கர் வேண்டும், சிலருக்குச் சக்கர நாற்காலி. எதில் போனாலும் பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

சகோதரிகளே, அந்த அரைமணி நேரம் தறிக்குப் போகும் தாய்க்கு எங்கிருந்து கிடைக்கும்? என் தங்கை வீட்டில் மாமியார் அப்போது சமையலைப் பார்த்துக் கொள்கிறார். பக்கத்து வீட்டம்மா கைக்குழந்தையை வாங்கிக் கொள்கிறார். உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், 'என்ன பாவமோ' என்று உச்சுக் கொட்டாமல், அவன் அம்மாவுக்கு அந்த அரைமணியைக் கொடுங்கள்.